பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

பழைய பைக்கில் பேட்டரி திரும்பத் திரும்ப இறங்கிப்போனால், புது பேட்டரி வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைத்தான் முதலில் செய்தேன். புதிதாகப் போட்டதும் இரண்டு வாரம் பைக் அருமையாக ஓடியது, அப்புறம் ஒரு நாள் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ரெகுலேட்டர் போயிருக்கும் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார், அதையும் மாற்றினேன், அதே கதைதான். கடைசியில் பார்த்தால் சீட்டுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் கனெக்டர் உள்ளுக்குள் கருகி, மூன்று மஞ்சள் வயரில் ஒன்று பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டுச் சரியாகச் சேர்க்க அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. புது பேட்டரி எப்படி இரண்டு வாரம் தாங்கியது என்றால், அது வரும்போதே தன்னிடம் வைத்திருந்த சார்ஜைச் செலவழித்து ஓடியது, அவ்வளவுதான். பைக் கொடுத்ததைவிட எடுத்தது அதிகம்.

அதனால் இங்கே நான் சொல்வது எல்லாம் அளந்து பார்ப்பது பற்றித்தான். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் போதும், மின்சாரம் பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் கிடைக்கும் அளவு உங்களை ஏமாற்றும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

இன்ஜின் சுற்றும்போது அதோடு சேர்ந்து காந்தம் பதித்த ரோட்டர் சுற்றும். அதற்குள்ளே அசையாமல் இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்தான் ஸ்டேட்டர், பேச்சு வழக்கில் காயில். காந்தம் சுற்றச் சுற்ற காயிலில் ஏசி மின்சாரம், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம், உண்டாகும். பேட்டரிக்கு ஒரே திசையில் ஓடும் டிசிதான் வேண்டும், அதனால் ரெக்டிஃபையர் அதை மாற்றிக் கொடுக்கும். இன்ஜின் வேகம் கூடும்போது வோல்டேஜும் கூடிக்கொண்டே போகும் என்பதால், அதை ஓர் அளவோடு நிறுத்தி வைப்பது ரெகுலேட்டரின் வேலை. பெரும்பாலான பைக்குகளில் ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் ஒரே அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும், வெளியே காற்று பட விசிறி மாதிரி வரிவரியாகத் தகடுகள் இருக்கும். இன்னும் பழைய வண்டிகளில் இரண்டும் தனித்தனி.

ஆக காயில், ரெகுலேட்டர், பேட்டரி, இவற்றைச் சேர்க்கும் வயர்கள். கோளாறு இந்த நாலில் ஒன்றில்தான் இருக்கும். பழைய வண்டியில் நாலாவதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது 'பேட்டரி இல்லாமல் ஓடுகிறதா பார்ப்போம்' என்று பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள். வோல்டேஜ் சட்டென்று எகிறி ரெகுலேட்டரையும் பல்புகளையும் எலக்ட்ரானிக் இக்னிஷனையும் காலி செய்துவிடும், இது பழைய பழக்கம், இன்னும் பலர் சொல்லித் தருகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் எர்த் பக்கம் (வண்டியின் சட்டத்தோடு சேரும் வயர், பெரும்பாலும் நெகட்டிவ்), மாட்டும்போது எர்த் பக்கம் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டு ஷார்ட் ஆகும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்ஜினை ஓட்டிச் சோதிப்பது திறந்த வெளியில்தான்.

படி 1: பேட்டரி நல்ல பேட்டரிதானா

சார்ஜரில் போட்டு பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள். எவ்வளவு ஆம்பியரில் ஏற்றுவது என்றால், பேட்டரி மேல் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர்-அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு: 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரில் போட்டு அவசரமாக ஏற்றினால் சின்ன பேட்டரி சூடாகிக் கெட்டுவிடும். மேலே மூடி உள்ள வகையாக இருந்தால் தண்ணீர் மட்டம் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம்.

ஏற்றியபின் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படியே விட்டுவிட்டு மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. 12 வோல்ட் பேட்டரியில் 12 காட்டுகிறதே, நல்லதுதானே என்று நினைப்பார்கள், அது கிட்டத்தட்ட காலியான பேட்டரி. 6 வோல்ட் வண்டியாக இருந்தால் இந்த எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், முழு சார்ஜ் 6.3 முதல் 6.4.

வோல்ட் மட்டும் பார்த்து நல்ல பேட்டரி என்று சொல்லிவிட முடியாது, வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். மீட்டரை பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள், அப்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பேட்டரி உள்ளே செத்துப்போயிருக்கிறது. கிக்கர் மட்டும் உள்ள வண்டியில், ஹெட்லைட் பேட்டரியில் எரிவதாக இருந்தால், இன்ஜினை ஓட்டாமல் இரண்டு மூன்று நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள், வோல்டேஜ் சரசரவென்று சரிந்தால் அதே முடிவுதான். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்ட பேட்டரியில் உள்தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அது தாங்காது.

பேட்டரி இந்தச் சோதனையில் தோற்றால் மாற்றத்தான் வேண்டும். மாற்றிவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள், பழைய பேட்டரியைக் கொன்றது எது என்று தெரியும்வரை அடுத்தடுத்த படிகளுக்குப் போங்கள்.

படி 2: இன்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட்

முழு சார்ஜ் ஏறிய பேட்டரியோடு மட்டும் இதைச் செய்யுங்கள். இறங்கிய பேட்டரி கிடைக்கும் கரண்டையெல்லாம் உறிஞ்சி வோல்டேஜைக் கீழேயே வைத்திருக்கும், சார்ஜிங் நன்றாக இருந்தாலும் கெட்டுப்போனது மாதிரி காட்டும்.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, மீட்டரை பேட்டரி முனைகளிலேயே வைத்து, ஹெட்லைட் போட்டு, ஐட்லிங்கில் ஓர் அளவு எடுங்கள். அப்புறம் ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கி 4000 முதல் 5000 ஆர்பிஎம் வரை கொண்டுபோய் இன்னோர் அளவு. 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது, உங்கள் பிரச்சினை வேறு இடத்தில், நேராக 'நிற்கும்போது இறங்கும் பேட்டரி' பகுதிக்குப் போய்விடலாம். 12க்கும் 12.5க்கும் நடுவிலேயே நின்று, முறுக்கினாலும் ஏறவில்லை என்றால் சார்ஜ் வரவே இல்லை. 13ஐ ஒட்டி வந்து அதற்குமேல் நகராமல் இருந்தால் கொஞ்சம் வருகிறது, போதுமான அளவு வரவில்லை. மூன்று வயரில் ஒன்று விட்டுப்போனதற்கும், ஏதோ ஒரு கனெக்டர் தடுக்கிறதற்கும் இதுதான் அடையாளம்.

15 வோல்ட்டைத் தாண்டினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அது அதிக சார்ஜ், பேட்டரியைக் கொதிக்க வைத்துத் தண்ணீரை வற்றடிக்கும், பல்புகள் அடிக்கடி போகும், அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை வரும். ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். ஆனால் வோல்டேஜை உணர்வதற்கென்றே தனியாக ஒரு வயர் உள்ள ரெகுலேட்டர்களில் வேறொரு காரணமும் உண்டு. அந்த வயர் சாவி ஸ்விட்ச் வழியாக வருகிறது என்று வையுங்கள், ஸ்விட்ச் உள்ளே அழுக்கேறி ஒரு வோல்ட்டைத் தின்றுவிட்டால், பேட்டரியில் 15.4 இருக்கும்போது ரெகுலேட்டருக்கு 14.4 என்றுதான் தெரியும். அது தன் வேலையைச் சரியாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, ஐட்லிங்கில் ஹெட்லைட் எரியும்போது 12.5க்கு இறங்குவது பல பழைய வண்டிகளில் இயல்புதான். அவற்றின் காயில் கீழ் வேகத்தில் அவ்வளவுதான் கொடுக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

படி 3: வயர்களும் கனெக்டர்களும்

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள், பெரும்பாலான கோளாறுகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் கனெக்டரைத் தேடிப் பிடியுங்கள், ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் மூன்றும் மஞ்சள் வயர்களாக இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறதா, வயரின் உறை முனையில் விறைத்துப்போயிருக்கிறதா, பித்தளை முனையில் பச்சைக் களிம்பு இருக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் சூடாகியிருக்கிறது, அல்லது சூடாகப் போகிறது என்று அர்த்தம்.

ஏன் சூடாகிறது? களிம்பு பிடித்த முனையில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் 1 வோல்ட் அங்கேயே காணாமல் போகும், 10 வாட் சூடு அந்தச் சின்ன முனையில் இறங்கும். சூட்டில் முனை தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. அதனால்தான் இது தானாகச் சரியாவதே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டினால் சில வாரம் ஓடும், மறுபடியும் கருகும். கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, செம்பு பளபளவென்று தெரியும் வரை வயரைச் சீவி, புது முனைகளைச் சரியான கருவியால் அழுத்தி மாட்டுங்கள், அல்லது நேரடியாக ஈயப்பற்று வைத்து மேலே வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டுவிடுங்கள். வெறும் கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு எங்கே கண்டாலும் அதையும் இதே மாதிரி சரிசெய்யுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத தடையைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரிலிருந்து பாசிட்டிவ் வெளியே வரும் இடத்திலும் மற்றதை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரு ஓரங்கள், அதனால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2, 0.3 வரை போகட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் நடுவில் எங்கோ திருடு போகிறது, முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் என்று பிடித்துவிடலாம். ஃபியூஸ் பிடிப்பான்தான் பல சமயம் குற்றவாளி, கண்ணாடி ஃபியூஸ் உள்ள பழைய வண்டிகளில் அதன் கவ்விகள் இளகிவிடும். அப்புறம் இதே சோதனையை ரெகுலேட்டரின் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் செய்யுங்கள். எர்த் வயரை யாரும் கவனிப்பதில்லை. சட்டத்துக்குப் பெயின்ட் அடித்தபின் பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முறுக்கிவிட்டால் அங்கே தொடுப்பு எப்படிக் கிடைக்கும்?

படி 4: காயிலைச் சோதிப்பது

இன்ஜினை நிறுத்திவிட்டு மூன்று மஞ்சள் வயர்களையும் ரெகுலேட்டரிலிருந்து பிரியுங்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்து, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சாதாரண மீட்டர்களில் 0.2, 0.3 என்று காட்டும், அது மீட்டர் வயரின் தடை, எல்லா அளவிலிருந்தும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் வயருக்கும் இரண்டாவதற்கும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும், மூன்றாவதற்கும் முதலுக்கும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே, மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு வயரிலிருந்தும் இன்ஜின் உடலுக்கு: இங்கே எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஏதாவது எண் காட்டினால் கம்பியின் மேல்பூச்சு எரிந்து காயில் உடலோடு ஒட்டிவிட்டது.

மூன்று வயர் காயிலுக்குத்தான் இது பொருந்தும். சின்ன பழைய வண்டிகள் பலவற்றில் காயிலின் ஒரு முனையை வேண்டுமென்றே எர்த்தில் கொடுத்திருப்பார்கள், அங்கே உடலோடு தொடர்பு காட்டுவது சரிதான். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள வயரிங் படத்தைப் பார்க்காமல் அந்தக் காயிலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஓம்ஸில் பாஸானாலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வயர்கள் பிரிந்தே இருக்கட்டும், ஒன்றோடொன்றும் சட்டத்திலும் படாமல் தள்ளி வையுங்கள். மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து இன்ஜினைக் கிளப்புங்கள், கையால் வெறும் முனையைத் தொடாதீர்கள், நன்றாகவே ஷாக் அடிக்கும். ஐட்லிங்கில் 15, 20 வோல்ட் ஏசி வந்து, 5000 ஆர்பிஎம்மில் 50 முதல் 70 வரை, சில வண்டிகளில் அதற்கு மேலும் போகும். உங்கள் வண்டிக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும், அது கையில் இல்லாவிட்டாலும் ஒன்றை நம்பலாம்: மூன்று ஜோடிகளும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடி 60 காட்டி ஒன்று 25 காட்டினால் காயில் போய்விட்டது.

காயிலை மாற்ற இன்ஜின் மூடியைக் கழற்றும்போது விரல்களைக் கவனியுங்கள், சில வண்டிகளில் காயில் மூடியிலேயே இருக்கும், காந்தம் மூடியை வெடுக்கென்று இழுக்கும். ஆயிலில் நனையும் வகை என்றால் புது பேக்கிங் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். திறந்தபின் ரோட்டருக்குள் காந்தங்கள் பெயர்ந்திருக்கின்றனவா என்றும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

படி 5: ரெகுலேட்டர்

பேட்டரி நன்று, வயர்கள் நன்று, காயில் மூன்று ஜோடியிலும் சமமாகக் கொடுக்கிறது, ஆனாலும் பேட்டரியில் 13.5 வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது ரெகுலேட்டர்தான். மற்றவை எல்லாம் தேறியபின் கிடைக்கும் முடிவு என்பதால் இதை நம்பலாம். அதற்குள்ளே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் இருக்கும். உறுதி செய்ய வேண்டுமானால் மீட்டரின் டையோடு சோதனையில் ஒவ்வொரு மஞ்சள் முனைக்கும் பாசிட்டிவ் முனைக்கும் நடுவில் இரு திசையிலும் பாருங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.6 வரை காட்ட வேண்டும், முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது. இரு பக்கமும் காட்டினாலோ இரு பக்கமும் காட்டாவிட்டாலோ அந்த டையோடு போய்விட்டது. நெகட்டிவ் பக்கமும் இப்படியே.

பழைய ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை மிஞ்சும் மின்சாரத்தை எர்த்தில் ஷார்ட் செய்து சூடாக வெளியே தள்ளும் வகை. அதனால் அதைக் காற்று படும் இடத்தில், உலோகத்தோடு நன்றாக ஒட்டும்படி மாட்டுவது அவசியம். அழகுக்காகச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தால் சீக்கிரம் போய்விடும்.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு

காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தம் உள்ள வண்டிகள் உண்டு, பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட் போனால்தான் அங்கே காந்தசக்தியே உண்டாகும். சாவியைப் போட்டுவிட்டு இன்ஜினை ஓட்டாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஆல்டர்னேட்டர் (ரோட்டரும் காயிலும் சேர்ந்த பகுதி) மூடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பட்டென்று இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் கார்பன் பிரஷ் உள்ள வகையில் பிரஷ் தேய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். காற்றால் குளிரும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில் டேஷ்போர்டில் எரியும் சார்ஜ் விளக்கின் வழியாகத்தான் அந்த ஆரம்பக் கரண்ட் போகிறது, அந்தச் சின்ன பல்பு ஃபியூஸ் ஆனாலே சார்ஜிங் தொடங்காமல் போய்விடும். லூகாஸ் மின்சாமான்கள் உள்ள பழைய ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், பேட்டரியைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள். அவற்றில் 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் உள்ள பலவற்றில் ரெகுலேட்டர் வேலையைச் செய்வது ஜீனர் டையோடு (வோல்டேஜ் ஓர் அளவைத் தாண்டாமல் பிடித்து வைக்கும் டையோடு), அதை மாட்டியிருக்கும் அலுமினியத் துண்டு சுத்தமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும்.

நிற்கும்போது இறங்கும் பேட்டரி

ஓடும்போது 14 காட்டுகிறது, நாலு நாள் நிறுத்தினால் காலி என்றால் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து பேட்டரி முனைக்கும் கழற்றிய வயருக்கும் நடுவில் சேருங்கள். அந்த நிலையில் செல்ஃப் அழுத்தினால் மீட்டர் எரிந்துவிடும், சாவியைத் தொடவே வேண்டாம். எலக்ட்ரானிக் சாமான் எதுவும் இல்லாத பழைய வண்டியில் பூஜ்யம் காட்ட வேண்டும். கடிகாரம், அலாரம் இருந்தால் சில மில்லி ஆம்பியர் போகட்டும். 50 மில்லி ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர், 9 ஆம்பியர்-அவர் பேட்டரி எட்டு நாளில் சுத்தம். ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. எதை எடுத்தும் விழவில்லையென்றால் ரெகுலேட்டரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், டையோடு கசிந்தால் அது இரவெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். வண்டி வாங்கியபின் நீங்களாக மாட்டிய போன் சார்ஜர், ஹாரன் ரிலே இவற்றையும் சந்தேகியுங்கள்.

கசிவே இல்லாமலும் ஒரு காரணம் உண்டு, வண்டி கொடுப்பதற்குமேல் நாம் கேட்பது. ஹெட்லைட் 55 வாட், டெயில் லைட் 5, மீட்டர் பல்புகள் 10, இக்னிஷன் ஒரு 40 என்றாலே 110 ஆகிவிட்டது. நல்ல வேகத்தில் 150 வாட் கொடுக்கும் காயிலில் இரண்டு 35 வாட் விளக்கைக் கூடுதலாக மாட்டினால் 180, கணக்கு அங்கேயே உதைக்கிறது. எல்இடிக்கு மாறுவது இதற்கு நல்ல வழி, ஆனால் ஹெட்லைட் நேரடியாக ஏசியில் எரியும் வண்டியில் அப்படியே மாட்டினால் மினுங்கும், அதற்கு டிசி வயரிங் மாற்ற வேண்டும்.

எல்லாம் சரிசெய்தபின் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே படி 2ஐ மறுபடி செய்யுங்கள், சில காயில்களும் ரெகுலேட்டர்களும் சூட்டில்தான் காலை வாரும். கிடைத்த எண்களை ஒரு தாளில் தேதியோடு எழுதி சைடு கவரின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல மேனுவல் கிடையாது. மறுநாள் காலை சாவி போடுவதற்கு முன் பேட்டரியை ஒரு முறை அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் நின்றால் கவரை மூடிவிடலாம்.